ரைட்டு போடுங்க மிஸ்

குரல் போன பிறகுதான் எனக்கு ஆபீஸ் வேலை கொடுத்தார்கள். அதுவரை ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஒண்ணாங் கிளாஸ் மிஸ். என் பெண் பிறப்பதற்கு முன்னால் சேர்ந்தேன். அவள் படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற வரைக்கும் அதே வகுப்பு, அதே ஜன்னலோரத்து மேஜை. நடுவில் ஒரு வருஷம் இரண்டாம் வகுப்புக்கு மாற்றுகிறோம் என்றார்கள். சண்டை போட்டு மறுத்துவிட்டேன். இரண்டாம் வகுப்புக்கு வருகிறவர்கள் பாதிப் பெரிய மனுஷர்கள். எழுத்து என்றால் என்னவென்றே தெரியாமல் வந்து உட்காருகிறவர்கள்தான் எனக்கு வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டியது. சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. கட்டியது விடவே இல்லை. தில்லை நகரில் காது மூக்கு தொண்டை டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு எனக்கே திரையில் காட்டினார். குரல் நாண்களில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முடிச்சுகள்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"டீச்சர்."

"எத்தனாவதுக்கு?"

"ஒண்ணாவதுக்கு."

அவர் சிரித்துவிட்டார். இனி கத்தக் கூடாது, குசுகுசுவென்று பேசுவது அதைவிடக் கெடுதல், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவில் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். வேலையை மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள் என்று, மாத்திரையை மாற்றச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லி அனுப்பினார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை, அதுவே பெரிய விஷயம். எங்கள் டிரஸ்ட்டுக்கு ஸ்ரீரங்கம், லால்குடி, எடமலைப்பட்டி புதூர் என்று மூன்று பள்ளிகள். மூன்றுக்கும் பொதுவாகக் கண்டோன்மென்ட்டில் ஓர் ஆபீஸ். அங்கே எனக்கு ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், விரலால் தொட்டு இயக்குகிற ஒரு டேப். சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் சாஃப்ட்வேர் விற்கக் கம்பெனிக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எது தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. வாயைத் திறக்கவே வேண்டாத வேலையாகத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் தாளாளர். மூன்று பள்ளிகளையும் நடத்துகிறவர் அவர்தான். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் மேல் கோபப்படவும் முடியாது, அதுதான் கஷ்டம்.

கம்ப்யூட்டர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆறு வயதுக் குழந்தை எப்படியெல்லாம் தப்பு செய்யும் என்று தெரியும். என் தகுதி அது ஒன்றுதான். அதனால் எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் முதலில் நானே ஆறு வயதுக்காரியாகிவிடுவேன். கேள்வி முடிவதற்குள் பதிலை அழுத்துவேன். மூன்று படங்களையும் மூன்று விரலால் ஒரே சமயத்தில் அழுத்துவேன். மாட்டைத் தொட்டால் 'ம்மா' என்று கத்துகிறதென்றால் பாடத்தை மறந்துவிட்டு மாட்டையே தட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்து மேஜைக் கணக்கர் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

பெரும்பாலானவை அந்த மேஜையிலேயே விழுந்துவிடும். மிச்சத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். ஒன்றில், பதில் தப்பானால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். லால்குடிப் பிள்ளைகளுக்கு அந்த 'டொய்ங்' ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. தெரிந்த பதிலையெல்லாம் விட்டுவிட்டு, வகுப்பே தப்புத் தப்பாக அழுத்தி விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொன்றில் ஈயன்னாவுக்கு வரைந்திருந்த ஈக்கு நீளமான கண்ணிமைகள், கன்னத்தில் ரோஸ் நிறம். அத்தனை பிள்ளைகளும் தேனீ என்றார்கள். ஈ மொய்க்கிற பக்கோடாக் கடையைத் தினமும் தாண்டி வருகிறவர்கள் அவர்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒன்று வந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரு பெண் குரல் எழுத்தைச் சொல்லும், வார்த்தையைச் சொல்லும், குழந்தை சரியான படத்தைத் தொட்டால் நட்சத்திரம் காட்டி "அருமை!" என்னும். உடனே தொட்டால் அடுத்த படிக்கு ஏற்றும். தடுமாறினால் ஒரு படி கீழே இறக்கி மறுபடி சொல்லித் தரும். அந்தக் குரலில் கரகரப்பே இல்லை. ஒரே வார்த்தையை எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை சொன்ன மாதிரியே சொன்னது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "மிஸ், இது மட்டும் தேறிட்டா ஒண்ணாங் கிளாஸுக்கே வாங்கிடலாம். சத்தம் போட்டுச் சொல்ற வேலையை இது பாத்துக்கும். நீங்க கத்த வேண்டியதில்ல. ஜூன்ல உங்க கிளாஸுக்கே நீங்க போயிடலாம், என்ன சொல்றீங்க?"

சரி என்று தலையை ஆட்டினேன். வெளியே வந்து பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டேன்.

என் வீடு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். கணவருக்கு அங்கே ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஆபீஸ் விட்டதும் பொன்மலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள், அந்த நாட்களில் பலமுறை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். போய்ச் சேரும்போது பள்ளி விட்டுக் கேட்டைப் பூட்டியிருப்பார்கள் என்று தெரியும். தெரிந்தே போவேன். காவிரிப் பாலத்தில் டிராஃபிக்கில் நின்று, இறங்கி நடந்து, பூட்டிய கேட்டுக்கு எதிர்ப்புறம் நின்று என் வகுப்பு ஜன்னலைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். ஜன்னல் கம்பியில் யாராவது மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் தொங்கும். யாருடையது என்று எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் மூடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

பரீட்சித்துப் பார்க்க ஸ்ரீரங்கம் பள்ளியையே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் இடத்தில் இப்போது ஒரு சின்ன வயது டீச்சர். அவள் "கண்ணுங்களா!" என்று கூப்பிட்டால் தெருக்கோடி வரை கேட்கும். கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியரும் ஒரு பெண்தான். சென்னைக்காரி, அவளுக்கும் யு.கே.ஜி.யில் ஒரு மகன் இருந்தான். தினமும் பிள்ளைகள் போன பிறகு யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று லேப்டாப்பில் பார்த்துச் சொல்வாள். பார்க்க வருகிறவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும், வகுப்பில் தலையிடக் கூடாது, பிள்ளைகளுக்கு உதவக் கூடாது. இது நானே போட்ட விதி. கழுத்தில் ஓர் அட்டையும் மாட்டிவிட்டார்கள்.

முதல் நாளே ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்து நின்று அந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பா..ர்..வை..யா..ளர். மிஸ், நீங்க பார்வையாளரா?"

"ஆமாம்மா," என்றேன். என் வகுப்பில் என்னைப் பார்த்து ஒருத்தி அப்படிக் கேட்டது சுருக்கென்றது. கோபுரத்துக்குப் பக்கத்தில் அவள் அம்மாவுக்குப் பூக்கடை. கடை போர்டு, பஸ் போர்டு, சுவர் விளம்பரம் என்று எதையும் விடாமல் படிக்கிறவள் என்று டீச்சர் சொன்னாள்.

சில நாட்கள் ஓடின. வகுப்பு நன்றாக நடப்பதாகத்தான் எனக்குப் பட்டது. கலகலவென்று இருந்தது, யாரும் அழவில்லை. ஆனால் இன்ஜினியர் லேப்டாப்பைத் திருப்பி என்னிடம் காட்டி, "இந்த கிளாஸ் ரொம்ப ஸ்லோவா இருக்கே மேடம். எல்லாருமே முதல் படியிலதான் நிக்கறாங்க," என்றாள்.

"எல்லாருமா? அந்தப் பூக்கடைக் குழந்தை?"

"அவளும்தான். மேல போறா, உடனே இறங்கிடறா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அவ என் கழுத்து அட்டையைப் படிச்சவ. உங்க மெஷின்லதான் கோளாறு," என்றேன். கோபத்தில் குரல் உடைந்து பாதி வார்த்தைகள் காற்றாகப் போயின. அவள் பாவம், தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அந்தப் பெண்ணை மட்டும் விடாமல் பார்த்தேன். திரையில் மரம், மயில், மலை. மயிலைத் தொட்டாள். நட்சத்திரம் வந்தது, "அருமை!" என்றது. அவள் டேப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நேராக டீச்சர் மேஜைக்குப் போய், அங்கே ஏற்கனவே நின்ற வரிசையில் சேர்ந்துகொண்டாள். முறை வந்ததும் டேப்பை நீட்டி, "ரைட்டு போடுங்க மிஸ்," என்றாள். டீச்சர் சிரித்து, திரைக்கு மேலே விரலால் ஒரு ரைட்டுப் போட்டு, கன்னத்தைத் தட்டி அனுப்பினாள். இதற்குள் அடுத்த கேள்வி வந்து, காத்திருந்து, பதில் இல்லையென்று "மீண்டும் முயற்சி செய்!" என்று சொல்லி, அவளை ஒரு படி இறக்கியும் விட்டது. அவள் இடத்துக்குத் திரும்பி வந்து அலுக்காமல் கீழ்ப் படியிலிருந்து ஆரம்பித்தாள்.

வகுப்பு முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தது. டேப் என்ன நட்சத்திரம் காட்டினாலும் காட்டட்டும், மிஸ் ரைட்டுப் போட்டால்தானே அது சரி? சிலேட்டானாலும் நோட்டானாலும் அதுதானே வழக்கம்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் நானும் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேஜையைச் சுற்றிக் குழந்தைகள் மொய்த்தால் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது என்றுதான் எனக்கு அர்த்தம். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இன்ஜினியரிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். பிறகு யோசித்தாள். "அவங்க திரும்பி வர வரைக்கும் வெயிட் பண்ற மாதிரி மாத்தலாம் மேடம். ஆனா எவ்வளவு சீக்கிரம் தொடறாங்கன்னு வச்சுத்தான் யாருக்குப் புரிஞ்சுது, யாருக்குப் புரியலன்னு இது கண்டுபிடிக்குது. அதை எடுத்துட்டா ஒண்ணுமே இல்ல. மிஸ்கிட்ட எழுந்து போக வேண்டாம்னு பசங்ககிட்ட சொல்லிட்டாப் போதும்."

போதும்தான். மறுநாள் டீச்சர் சொன்னாள். "கண்ணுங்களா, இன்னிக்கு யாரும் எழுந்து வரக் கூடாது. டேப்பே உங்களுக்கு ஸ்டார் குடுக்குதுல்ல? அதுதான் ரைட்டு." கேட்டுக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள், சொன்னால் கேட்பார்கள். அத்தனை தலைகளும் குனிந்தன. ஹெட்போன் மாட்டியிருந்ததால் வெளியே ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் தன் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் வளையலை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

இப்படியே சில நாட்கள் நடந்தது. பிள்ளைகள் மளமளவென்று படியேறினார்கள். பூக்கடைப் பெண் எல்லோருக்கும் மேலே. இன்ஜினியர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தாளாளர் ஒருநாள் வந்து வாசலிலிருந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். இந்த வகுப்பை எடுக்கக் குரலே வேண்டாம். நான் எடுக்கலாம். ஜூனில் என் மேஜையில் நான் உட்காரலாம். சந்தோஷமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசி நாள் பாடம் முடிந்ததும் டீச்சரும் இன்ஜினியரும் டேப்புகளை எடுத்துக்கொண்டு ஹெச்.எம். ரூம் பீரோவில் வைக்கப் போனார்கள். பிள்ளைகளோடு நான் மட்டும் இருந்தேன். பூக்கடைப் பெண் எழுந்து கடைசி பெஞ்சுக்கு வந்தாள்.

"மிஸ், நான் எல்லாமே கரெக்டா போட்டேன். ரைட்டு போடுங்க."

"எதுல போடறது?"

"டேப்பை எடுத்துட்டாங்க. கையில போடுங்க," என்று புறங்கையை நீட்டினாள்.

நான் போட்ட விதியாவது ஒன்றாவது. பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். கை நெருப்பாகச் சுட்டது. நெற்றியில் கை வைத்தேன், கழுத்தில் வைத்தேன். நல்ல காய்ச்சல். கண் சிவந்திருந்தது. அந்தக் காய்ச்சலோடுதான் காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சரியாகத் தொட்டு, இரண்டு படி ஏறியிருக்கிறாள். டேப்புக்குத் தெரியவில்லை. அதற்கு எப்படித் தெரியும்? டீச்சருக்கும் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கு யாரும் அவளைத் தொடவில்லை.

ரைட்டுப் போட்டேன். மடியில் சாய்த்துக்கொண்டேன். இதைப் பார்த்ததும் மற்றவர்கள் விடுவார்களா? "எனக்கு மிஸ், எனக்கு மிஸ்" என்று வரிசை வந்துவிட்டது. ஒருத்தன் என் முழங்கையில் மோவாயை வைத்துக்கொண்டான். ஒருத்தி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். தேங்காயெண்ணெயும் பென்சில் சீவலும் கலந்த அந்த வாசனை. ஒருவன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான், கண்ணாடி போட வேண்டியிருக்கும். ஒருத்தி வாயிலிருந்து வெறும் வயிற்று வாடை வந்தது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, தேவைப்படவும் இல்லை. இத்தனை வருஷம் நான் பாடம் நடத்தியது அந்த வரிசையில்தான். கத்தியதெல்லாம் சும்மா.

பூக்கடைக்குச் சொல்லி அனுப்பியதும் குழந்தையின் அம்மா ஆட்டோவில் வந்தாள். "காலையிலயே லேசா சூடு இருந்துச்சு மிஸ். இன்னிக்குக் கடைசி நாள், டேப் எடுத்துட்டுப் போயிடுவாங்க, போயே ஆகணும்னு ஒரே அடம்," என்றாள். குழந்தை தோளில் சாய்ந்தபடி எனக்கு டாட்டா காட்டினாள்.

அறிக்கையை ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். நாலைந்து நாள் எழுதாமலே தள்ளிப்போட்டேன். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அதில் பொய் இல்லை. பிள்ளைகள் படித்தார்கள், ஏறினார்கள், எல்லாம் நிஜம். நான் என் வகுப்புக்குப் போகலாம். ஆனால் எதற்காகப் போக வேண்டும் என்று ஏங்கினேனோ அந்த வரிசையை, "எழுந்து வரக் கூடாது" என்று தினமும் நானே சொல்லித் தடுக்க வேண்டும். மேஜை இருக்கும், நானும் இருப்பேன், யாரும் வரமாட்டார்கள். அதைவிட, இன்னொரு குழந்தை காய்ச்சலோடு படியேறிக்கொண்டே இருப்பாள். கடைசியில் எழுதிவிட்டேன். மூன்றாம் வகுப்பிலிருந்து வாங்கலாம், மிக நல்லது. ஒன்றாம் வகுப்புக்கு வேண்டாம். குழந்தைகள் ஆசிரியரிடம் எழுந்து போகாமல் இருந்தால்தான் இது வேலை செய்கிறது. ஒன்றாம் வகுப்பில் அவர்கள் எழுந்து போக வேண்டும்.

மே மாதத்தில் தாளாளர் கூப்பிட்டார். அறிக்கை அவர் முன்னால் இருந்தது. "எனக்குப் புரியலை மிஸ். உங்களுக்காகத்தானே பாத்தோம்? இது இல்லாம அந்தச் சத்தத்துல உங்களால எடுக்க முடியாதே."

"முடியாதுங்க சார்."

"அப்ப அடுத்த வருஷமும் ஆபீஸ்தான். பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க சார்."

அறிக்கையை மூடி வைத்தார். அப்புறம் நான் சொன்னபடியே செய்வதாகச் சொன்னார். ஜூனில் கணக்குச் சொல்லித் தரும் சாஃப்ட்வேர் ஒன்று வருகிறதாம், அதையும் நான்தான் பார்க்க வேண்டுமாம். சரி என்று எழுந்து வந்தேன்.

அன்று நேராகப் பொன்மலைக்கே போனேன். ஷிஃப்ட் முடிந்து கணவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு விடு," என்றார் அவர். "உன் தொண்டைக்கு ஆபீஸ்தான் சரி. ரசம் ஊத்து."

ஊற்றினேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக ஒன்று சொன்னேன்.

"என்ன?" என்றார்.

திரும்பச் சொன்னேன். ஃபேன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எச்சில் கையோடு எழுந்துபோய் இடது கையால் ஃபேனை நிறுத்திவிட்டு, சுவிட்ச் பக்கத்திலேயே நின்றார். "இப்ப சொல்லு."

"எனக்கு என் ஒண்ணாங் கிளாஸ் வேணுங்க," என்றேன்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையிலும் சத்தம் வரவில்லை. மே மாதப் புழுக்கத்தில் இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் ஃபேனைப் போடவில்லை.